நீலக் கேனில் ஓடிய இஞ்சின்

“நிறுத்து!”

வாசலில் நின்றவர் கையைத் தூக்கியதும் கொட்டகையில் இருந்த இருபது பிள்ளைகளும் கப்சிப். மகாவின் உள்ளங்கைகள் மட்டும் நீலக் கேனின் மேல் ஒட்டியபடி நின்றன.

வாசலில் நின்றவர் தேசிங்கு. மகாவின் அப்பா. வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, குளித்தும் போகாத டீசல் வாசனை. பத்து நிமிடம் முன்னால்தான் அவரை அதே வாசலில் நிற்க வைத்து, ஊரே பார்க்க, கிழி கிழி என்று கிழித்திருந்தேன். பெற்ற பிள்ளையை அடிக்கிறவரெல்லாம் ஒரு அப்பாவா என்கிற ரேஞ்சுக்கு. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. கையில் ஒரு நோட்டு, வாய் நிறைய இங்கிலீஷ்.

அதனால் அவர் கத்தியதும், சரி, இன்றைக்கு நமக்கு விழப்போகிறது என்று நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த எட்வினைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

தேசிங்கு எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மகளிடம் போய்க் குந்தினார்.

“அத்த மறுக்கா அடி, கண்ணு. மொதல்லேர்ந்து.”

அவர் அப்படியே குந்தியிருக்கட்டும். ஏன் திட்டினேன் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு என்மேல் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். சொன்னால் மொத்தமாகப் போய்விடும். பரவாயில்லை. போன வாரம் இதே பத்தியில் நான் மொபெட்டோடு ஐஸ் வண்டியில் மோதிய கதையைப் படித்துவிட்டு என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. இதைப் படித்தால் நாலு நாள்.

மூன்று பக்க டாக்டர்

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. நான் சைக்காலஜி இரண்டாம் வருடம். வீடு திருவொற்றியூர். காலேஜில் சமூக சேவைக்கு மார்க் உண்டு என்றார்கள். மற்ற பெண்களெல்லாம் முதியோர் இல்லத்துக்குப் போய் பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து, வேலையை முடித்துவிட்டார்கள். எனக்கு அது போர்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ மூன்று பக்க ஜெராக்ஸ் ஒன்று கையில் சிக்கியது. மனதில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைகள் மேளம் தட்டிச் சொல்லிவிடுவார்கள் என்று அதில் போட்டிருந்தது. கோபம், பயம், ஏக்கம் எல்லாம் கை வழியாக வெளியே வந்துவிடுமாம். மூன்றாம் பக்கம் பாதி கறுப்பாக விழுந்திருந்தது. முக்கியமான விஷயம் எல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு மேளம் தெரியாது. எட்வினைத் தெரியும். ராயபுரம் பையன், என் கிளாஸ். கல்யாண பேண்ட் செட்டில் டிரம் அடித்துத்தான் பீஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னாமே, மேளம் அடிச்சா மார்க் குடுப்பாங்களா? நான் பொறந்ததுலேர்ந்து அடிச்சிகினு கீறேன், ஒருத்தனும் குடுக்கலியே!”

“நீ அடி. நான் நோட்ஸ் எடுக்கிறேன்.”

“அதானே பார்த்தேன். அடிக்கிறது நானு, டாக்டரு நீயா?”

எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையை எங்களுக்கு விட்டார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளின் தலையில் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். தட்டிவிட்டு உட்காருவார்கள். எட்வினிடம் பழைய டிரம் இரண்டுதான் இருந்தது. மீதிப் பேருக்கு வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலக் கேன், மீன் அள்ளும் பிளாஸ்டிக் டப், பெயின்ட் டப்பா.

“யாரு வூட்ல?”

முதல் நாளே சொதப்பல்.

ஒரு சனிக்கிழமை காலை அது. கை சூடேறட்டும் என்று எட்வின் ஒரு அடி எடுத்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, செம அடி. பிள்ளைகள் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது நிமிடம், அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தபடி பத்துப் பதினைந்து பெண்கள் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள்.

“யாரு? யாரு வூட்ல?”

“யார் வீட்லயும் ஒண்ணும் இல்லையே, ஏங்க?”

முன்னால் நின்ற அம்மா இடுப்பில் கை வைத்தாள். இன்னொரு கையில் செதில் ஒட்டிய கத்தி. மகாவின் அம்மா பூங்காவனம் அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஏம்பா, இது சாவு அடி இல்ல? பொணம் தூக்கசொல்ல அடிக்கிறது! ஆம்பளைங்க அல்லாரும் கடல்ல கீறாங்க. காலங்காத்தால இத்த கேட்டா ஈரக்கொல நடுங்காது?”

எட்வின் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் தெருவில் ஆட்டத்துக்கும் அதே அடிதானாம். அன்றைக்கே அந்தப் பெண்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். எதை வேண்டுமானாலும் அடி, அதை மட்டும் அடிக்காதே.

காதால் வாழ்கிற ஊர் இது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் நோட்டில் ‘சமூக எதிர்ப்பு’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

ஆனால் ஜெராக்ஸ் பொய் சொல்லவில்லை. வட்டமாக உட்கார வைத்து நான் சொன்ன விதி இதுதான்: “உள்ளே என்ன இருக்கோ அதை அடி. வாயைத் திறக்கக்கூடாது.” ஒருவர் அடித்ததை மற்ற எல்லோரும் அப்படியே திருப்பி அடிக்க வேண்டும். ஒரு பையன் தன் கணக்கு வாத்தியாரை அடித்தான். அதாவது கேன் மேல். மொத்த வட்டமும் திருப்பி அடித்ததில் ஒரு பெயின்ட் டப்பா நசுங்கிப்போனது. அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போன நடையே வேறு. ஒரு குட்டிப் பெண் சுண்டுவிரலால் மட்டும் தட்டினாள். தம்பி பிறந்ததிலிருந்து அம்மா மடியில் தனக்கு இடமில்லை என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். இருபது பேரும் சுண்டுவிரலால் தட்டினோம். கொட்டகைக்குள் மழை பெய்வது போல இருந்தது.

நான் ஜம்பமாகத்தான் திரிந்தேன்.

நான் பிடித்த குற்றவாளி

மகாவுக்கு ஒன்பது வயது. இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் எப்போதும் அவிழ்ந்திருக்கும். வந்ததும் அதே நீலக் கேனைப் பிடித்துக்கொள்வாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் அடி இப்படி இருக்கும். முதலில் ஒழுங்காக, வேகமாக, டப டப டப டப. கொஞ்ச நேரம் கழித்துத் தாங்கித் தாங்கி, டப்... டப்... அப்புறம் ஒன்றுமே இல்லை. உள்ளங்கைகளைக் கேன் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போதோ மறுபடி டப டப டப. முடிந்ததும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொள்வாள்.

மூன்று வாரம், தினம் அதே அடி. நடுவில் வரும் மௌனம் மட்டும் நீண்டுகொண்டே போனது. மற்றவர்கள் திருப்பி அடிக்கும்போது எவனாவது அந்த மௌனத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறும். “இன்னும் வரல! இன்னும் வரல!” என்று கத்துவாள். விதியை மீறி அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்தாள். எப்படி ஆச்சு என்று கேட்டால் கேனை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நோட்டில் எழுதினேன். அடி, அடி, பயம், மௌனம், மறுபடி அடி. குடிகார அப்பா. கேஸ் முடிந்தது.

“அவரு குடிக்கவே மாட்டாராமே,” என்றான் எட்வின்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“மே, எதுக்கும் ஒரு தபா கேட்டுக்க.”

கேட்டால் நான் எப்படி டாக்டர்? பூங்காவனத்திடம், நாளைக்கு உங்கள் வீட்டுக்காரர் வந்தாக வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். மகள் மேளத்தில் ஏதோ பரிசு வாங்கிவிட்டாள் என்று நினைத்து, தேசிங்கு குளித்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். சட்டம், போலீஸ், மனசாட்சி எல்லாம் அதில் வந்தன.

“நானா? மகாவயா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“அவளே சொல்லுவா, கேளுங்க,” என்று பெரிய வக்கீல் போல மகாவைக் கேன் முன்னால் உட்கார வைத்தேன்.

அவள் அடித்தாள். மௌனம் வந்தது. அதன் நடுவில்தான் அவர் கையைத் தூக்கி “நிறுத்து” என்றார்.

மறுபடி கொட்டகைக்குள்

மகா முதலிலிருந்து அடித்தாள். தேசிங்கு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டப டப டப டப. தாங்கல் வந்தது. மௌனம் வந்தது. வந்த மௌனம் போகவே இல்லை. வெளியே யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். எங்கேயோ ஒரு நாய் குரைத்து அடங்கியது. அப்புறம்தான் டப டப டப.

“இது என் இஞ்சினு,” என்றார்.

“என்னது?”

“என் போட்டு இஞ்சினும்மா. முகத்துவாரத்தாண்ட நின்னு நின்னு போவுது. அத்தத்தான் அடிக்குது புள்ள.”

நான் மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

“உங்களுக்குத் தெரியுமாடா?”

“தெரியுமே! தேசிங்கு மாமா போட்டு,” என்றான் வாத்தியாரை அடித்தவன். “எங்க நைனாது வேற மாரி கேக்கும். அடிச்சிக் காட்டவாக்கா?”

“ஏண்டா சொல்லல?”

“நீதான வாயத் தொறக்கக்கூடாதுன்ன.”

எட்வின் சிரிப்பை அடக்க முகத்தை டிரம்முக்குள் விட்டுக்கொண்டான்.

விடியற்காலை படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது, அந்தக் குப்பத்தில் ஒவ்வொரு வீடும் படுத்தபடியே தன் படகின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கும். கழிமுகத் தண்ணீரும் கடல் அலையும் முட்டிக்கொள்கிற முகத்துவாரம்தான் ஆபத்தான இடம். அங்கே இஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். மகா தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து, சுவரோரம் உட்கார்ந்து, சத்தம் திரும்ப வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் ரொம்ப நேரம் வரவில்லை என்று கடலோரக் கருங்கல் தடுப்பில் ஏறியிருக்கிறாள். முழங்கைச் சிராய்ப்பு அங்கே வாங்கியது.

தேசிங்கு மகளின் முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“போட்ல எனக்கு ரெண்டே இழுப்பு. கயித்த சுத்தி இழுத்தா புடிச்சிக்கும். கண்ண மூடித் தொறக்கற நேரந்தான்னு நெனச்சிகினு கீறேன். இங்க இவ்ளோ நேரமாவா கேக்குது?”

மகா வாயைத் திறந்தாள். “நேத்து இன்னும் பெருசு, நைனா. மத்தவங்க அடிக்கணுமேன்னு கொறச்சிட்டேன்.”

அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

காதுகுத்தில் ஆரம்பித்தது

“ரிப்பேர் பண்ணிட வேண்டியதுதானே?” என்றேன் நான், மறுபடியும் அறிவாளியாக.

அதற்குள் வந்துவிட்ட பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டாள். “அங்கதான் பேஜாரே.”

அவளுடைய அண்ணன் சேகர், காசிமேட்டில் இஞ்சின் மெக்கானிக். தேசிங்கின் இஞ்சினை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்த்துவந்தார். ஒன்றரை வருடம் முன்னால் மகாவின் தம்பிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். சேகர் ஏதோ ஒரு படகு வேலையில் மாட்டிக்கொண்டு லேட். நல்ல நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் தேசிங்கு பிள்ளையைத் தன் தோஸ்து மடியில் வைத்துக் குத்த வைத்துவிட்டார். கடைசியில் சேகர் சீர்த்தட்டோடு உள்ளே நுழைகிறார், பிள்ளை காதில் கடுக்கனோடு அழுதுகொண்டிருக்கிறது. தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். பேச்சு இல்லை.

“சரி, வேற மெக்கானிக் இல்லையா?”

“வேற ஆளு கை வெச்சா எங்கண்ணனுக்கு அசிங்கம். அப்பால ஜென்மத்துக்கும் ஒட்டாது. எங்கண்ணனாண்ட போனா இவருக்கு அசிங்கம். அதான் யாரும் தொடாம ஓடிகினு கீது.”

இரண்டு ஆம்பளைகளின் ரோஷத்துக்கு நடுவில் மூன்று பேர் ஏறிப்போகிற ஒரு படகு. எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் முட்டாளாக முடியும் என்று இல்லையே, ஜாக்கிரதையாக இருந்தேன்.

“நாங்க போறோம்,” என்றான் எட்வின். “எங்களுக்கு இன்னா அசிங்கம்?”

மறுநாள் மதியம் காசிமேட்டில் சேகரைப் பிடித்தோம். முழங்கை வரை கிரீஸ். எங்களைப் பார்க்காமலே கேட்டார்:

“அவன் அனுப்புனானா?”

“இல்லை. மகா.”

கை நின்றது. “புள்ள இன்னா சொல்லிச்சி?”

“சொல்லல, அண்ணே. அடிச்சிது,” என்ற எட்வின், அங்கே கிடந்த காலி ஆயில் டின்னைக் கவிழ்த்து, மகாவின் அடியை அப்படியே எடுத்தான். மூன்று வாரம் திருப்பி அடித்த அடி, தப்பாகுமா? டப டப டப டப. டப்... டப்...

“டீசல் வரல,” என்றார் சேகர். “எங்கியோ காத்து இழுக்குது. ம், அப்பால?”

எட்வின் உள்ளங்கைகளை டின் மேல் வைத்தான். மௌனம்.

சேகர் காத்திருந்தார். எட்வினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எட்வின் கையை எடுக்கவில்லை.

“முகத்துவாரத்திலயா?”

நான் தலையாட்டினேன்.

மௌனம் முடிவதற்கு முன்பே அவர் ஸ்பானர் பையைத் தூக்கிவிட்டார்.

அந்த இடம்

வந்தவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகப் படகு. தேசிங்கு பத்தடி தள்ளி நின்றார். நடுவில் எட்வின்.

“அந்தாள ஸ்டார்ட் பண்ணச் சொல்லு.”

“அண்ணே, ஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு.”

“பண்றேன்னு சொல்லு.”

“பண்றாராம்.”

இப்படியே கால் மணி நேரம். கடைசியில் சேகர் டீசல் டியூபை உருவி வெயிலில் காட்டினார். கிளாம்புக்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. படகு அலையில் தூக்கும்போதெல்லாம் அதன் வழியாகக் காற்றை இழுத்திருக்கிறது.

“இத்தனூண்டு டியூபு!” என்று கத்தினார், முதல்முறையாக நேரே தேசிங்கிடம். “இதுக்கு ஒரு வார்த்தை வந்து சொல்ல உனக்கு வாய் இல்ல? நீ போய்ட்டா என் தங்கச்சிக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“நீ தட்ட வெச்சிட்டுப் போனல்ல, மச்சான்.”

“போனா கூப்புட மாட்டியா?”

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு புது டியூபை மாட்டினார்கள்.

ஓட்டிப் பார்க்க இருவருமே ஏறினார்கள். தேசிங்கு சுக்கானில், சேகர் இஞ்சினில். வெயில் சாய்ந்திருந்தது. மொத்த வகுப்பும் மணலில் நின்றது. மகா என் துப்பட்டா நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டப டப டப டப. படகு கழிமுகத்தைத் தாண்டியது. அந்த இடம் வந்தது. முதல் அலை படகைத் தூக்கியது. துப்பட்டா என் கழுத்தை இறுக்கியது. இருபது பிள்ளைகளும், எட்வினும், நானும் ஒரே மௌனத்துக்காகக் காத்து நின்றோம்.

வரவில்லை. டப டப டப டப. இரண்டாவது அலை. டப டப டப டப. படகு வெளிக் கடலுக்குப் போய், வட்டமடித்து, அதே இடத்தின் வழியாகத் திரும்பியது. ஒரு தாங்கல் இல்லை.

மகா துப்பட்டாவை விட்டாள். நான் மூச்சை விட்டேன்.

கரையேறிய தேசிங்கு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“இன்னா தங்கச்சி, நேத்து அந்தக் கழுவு கழுவி ஊத்துன. ஒரு டீயாவது வாங்கிக் குடு.”

வாங்கிக் கொடுத்தேன். சேகருக்கும். வீட்டுக்குள் வர மாட்டேன் என்று அவர் தெருவிலேயே நின்று குடித்தார். பூங்காவனம் உள்ளே இருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது மகாவைக் காணோம். தேடினால், மூலையில் வலைக் குவியலின் மேல் சுருண்டு படுத்திருக்கிறாள். வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

எட்வின் குச்சிகளைக் கீழே வைத்தான். “இன்னிக்கு வேணாமே. எழுந்துக்கும்.”

பின்னாலேயே வந்த பூங்காவனம் மகளின் முகத்தில் ஒட்டிய முடியை விலக்கினாள். “நீ அடிப்பா. எத்தினி நாளா தூங்காத புள்ள. இடியே வுழுந்தாலும் எழுந்துக்காது.”

நான் நோட்டை மூடி வைத்துவிட்டு மகாவின் கேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மீதிப் பத்தொன்பது பேரும், எட்வினும், நானும் கொட்டகை அதிர அடித்தோம். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.